ருகாய்: சிவப்புப் பூண்டா, ஊறுகாயா?

மொரிஷியஸில் எங்கள் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்காகச் சமையலறைச் சொற்களின் அட்டவணை ஒன்றை அண்மையில் எழுதினேன். தக்காளிக் குழம்பைக் குறிக்கும் 'ருகாய்' என்ற சொல், பிரெஞ்சிலிருந்து கிளைத்த எங்கள் தீவுமொழியான கிரியோலில் வழங்குவது. அதற்கு எதிரே மூலச்சொல் ஒன்றை மட்டுமே எழுத இடமிருந்ததால், வழக்கிலுள்ள இரு விளக்கங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று.

முதல் விளக்கம் பிரெஞ்சு வழிப்பட்டது. லத்தீன் 'ருபேயுஸ்' தந்த 'ரூஜ்' (சிவப்பு), 'அல்லியும்' தந்த 'ஆய்' (பூண்டு) ஆகிய இரண்டும் சேர்ந்தது என்பார்கள். கறி சிவப்பு, அதில் பூண்டும் உண்டு. அதன் பலம் அவ்வளவுதான். இரண்டாவது, நம் ஊறுகாய். 1735இல் இத்தீவின் பிரெஞ்சு ஆளுநராக வந்த லாபூர்தொனே காலத்திலேயே புதுச்சேரிக் கைவினைஞர்கள் போர்ட் லூயிஸில் இருந்தார்கள் என்பதால், காலக்கணக்கு இரண்டில் எதையும் தள்ளிவிடாது.

என்னைத் தீர்மானிக்க வைத்தது நடுவிலிருக்கும் ககர ஒலி. பிரெஞ்சில் 'ரூஜ்' (rouge), 'ருகாய்' (rougail) இரண்டிலும் அந்த இடத்தில் எழுதுவது g என்ற ஒரே எழுத்தைத்தான் என்றாலும், முன்னதில் அது ஜகரமாகவும் பின்னதில் 'மகன்' என்பதன் ககரத்தைவிட அழுத்தமாக, 'தங்கம்' என்பதில் வருவது போலவும் ஒலிக்கிறது. அந்த ஜகரம் கிரியோலில் ஸகரத்தை ஒட்டிய அதிரொலியாகிவிடும். சிவப்பு 'ரூஸ்', பூண்டு 'லாய்'. நிறப்பெயர் பொருளுக்குப் பின்னே வருவதால், சிவப்புப் பூண்டு 'லாய் ரூஸ்' என்றுதான் அமைந்திருக்கும். ஊறுகாயிலோ முதல் ஊகாரம் உதிர்ந்தாலே போதும், 'ருகாய்' கிடைத்துவிடுகிறது. பீர்க்கங்காய் இங்கே 'பிபங்காய்' என்று வழங்குவதால், அந்தக் 'காய்' தனித்து வந்த விருந்தாளியும் அல்ல.

பொருளில்தான் இடறுகிறது. எங்கள் வீட்டு ருகாய், வெங்காயம், இஞ்சி, பூண்டு, மிளகாயோடு 'பொம்தாமூர்' எனும் தக்காளியை மசிய வேகவைத்த குழம்பு. அதில் எதுவும் ஒரு நாள்கூட ஊறுவதில்லை. உண்மையான ஊறுகாய்க்கு இங்கே 'ஸசார்' என்று பெயர். ஆனால் அண்டைத் தீவான ரீயூனியனில் பச்சை மாங்காயை மிளகாய், உப்போடு நசுக்கிச் சிறு கிண்ணத்தில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளத் தந்தபோது, அதையும் ருகாய் என்றார்கள். தொடுகறி தக்காளிக்கு மாறி, பிறகு அடுப்பேறியிருக்கலாம் என்று தோன்றியது. ஒரு வேளைச் சாப்பாட்டை வைத்து அதற்கு மேல் வாதிட எனக்குத் துணிவில்லை.

மூலம் என்ற கட்டத்தில் 'ஊறு + காய்' என்று மையால் எழுதினேன். பொருள் மாறிய வழி மட்டும் இன்னும் பென்சிலில் இருக்கிறது.