கூழாங்கல், கொய்யாக்கிளை, கணவாய் ஓடு: நீராமைத் தொட்டியில் சில ஆண்டுகள்

பெங்களூரு அல்சூரில் உள்ள எங்கள் வீட்டில் வளர்வது ரெட் இயர்டு ஸ்லைடர் எனப்படும், கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை கொண்ட அமெரிக்க நீராமை, பெட்டை. நட்சத்திர ஆமையையும் நம் குளத்துப் பாலாமையையும் வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால், அவற்றை மனத்தில் கொண்டு யாரும் இதைப் படிக்க வேண்டாம். ஸ்லைடரின் தொட்டியில் கடைச் சரக்கைக் குறைத்து, பொறுக்கி எடுத்த கல், மரம், மண் ஆகியவற்றை வைத்துப் பல ஆண்டுகளாகப் புழங்கிவருகிறோம். கல்லும் மண்ணும், கணவாய் என்னும் கடலுயிரியின் உள் ஓடும் கடைச் சரக்கைவிட மேலானவை என்பதும், மரம் தண்ணீருக்கு மேலே இருக்கும்வரைதான் நல்லது என்பதும், இலைகளால் வேலைதான் கூடும் என்பதும் என் கணிப்பு.

கல்லில் முதலில் பார்க்க வேண்டியது அளவு. நீராமை கண்ணில் பட்டதையெல்லாம் கடித்துப் பார்க்கும். வாய்க்குள் போகும் கல்லை விழுங்கியும்விடும். அது குடலில் தங்கினால் அறுவைச் சிகிச்சை வரை போக நேரிடலாம். ஆகவே ஆமையின் தலையைவிடப் பெரிய கற்களையே போட வேண்டும். அக்வேரியம் கடைகளில் பை பையாக விற்கும் வண்ணக் கற்கள் இந்த ஒரு காரணத்தாலேயே கழிந்துவிடுகின்றன. அடுத்தது கல்லின் வகை. எங்கள் கற்கள் சத்தியமங்கலம் பக்கம் மாமாவின் தோட்டத்தில் வரப்போரம் குவித்து வைத்திருந்தவை. அந்தக் குவியலில் வெங்கச்சங்கல்லும் (குவார்ட்ஸ்) இருக்கும், சுக்காங்கல்லும் (சுண்ணாம்புக் கல்) இருக்கும். இரண்டும் வெளிறிய நிறம் என்பதால் மண் ஒட்டியிருக்கும்போது வேறுபாடு எளிதில் தெரியாது. கழுவிக் காயவைத்த கல்லின் மேல் எலுமிச்சைச் சாறோ வினிகரோ சில சொட்டு விட்டால், சுக்காங்கல் சிறு குமிழிகளாகப் பொங்கும், வெங்கச்சங்கல் அப்படியே ஈரமாகிக் கிடக்கும். பொங்கும் கல் ஆமைக்கு நஞ்சன்று. ஸ்லைடர் கடின நீரைத் தாங்கக்கூடிய உயிரினம். ஆனால் ஏற்கெனவே உப்பு மிகுந்த பெங்களூரு ஆழ்துளைக் கிணற்று நீரில் சுண்ணாம்பும் கரைந்துகொண்டிருந்தால், ஹீட்டர் மேலும் கண்ணாடி மேலும் வெள்ளைப் படலம் ஏறுவது விரைவுபடும். கற்களைக் கொதிக்கும் நீரில் போட்டு வேகவைக்கச் சொல்பவர்கள் உண்டு. உள்ளே ஈரம் புகுந்த கல் சூட்டில் வெடிக்கக்கூடும் என்பதால் நாங்கள் அதைச் செய்வதில்லை. தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, மொட்டை மாடி வெயிலில் நன்றாகக் காயவைப்பதே எங்கள் வழக்கம்.

பெங்களூரிலிருந்து சங்கமம், மேக்கேதாட்டு என்று சுற்றுலா போகிறவர்கள் ஆற்றங்கரையில் அழகழகான கற்களைப் பார்ப்பார்கள். அந்த இடம் காவிரி வனவிலங்குச் சரணாலயத்தில் அடங்கியது. அங்கிருந்து எதையும் எடுத்துவருவது முறையன்று, சட்டமும் இடந்தராது.

வெயில் காயும் மேடைக்கு எங்களுக்கு வாய்த்தது சாதரஹள்ளிக் கல். இந்த ஊரில் வீடு கட்டும் தெருக்களில் இந்தச் சாம்பல் நிறக் கருங்கல்லின் துண்டுகள் கிடக்காத நாளில்லை. மேஸ்திரியிடம் கேட்டால் பெரும்பாலும் சும்மாவே கொடுத்துவிடுவார். பிளாஸ்டிக் மிதவை மேடை சிறு குட்டிக்குச் சரிதான். வளர்ந்த பெட்டை ஸ்லைடரின் ஓடு 25 செ.மீ.-க்கும் மேல் நீளக்கூடியது. அது ஏறியவுடன் மிதவை ஒரு பக்கம் சாய்ந்து, ஆமை நீரில் சரிந்து விழுந்துகொண்டே இருக்கும். கல் அசைவதில்லை. விளக்கின் கீழ் மெதுவாகச் சூடேறி, விளக்கை அணைத்த பிறகும் சற்று நேரம் வெதுவெதுப்பாக இருப்பதால், டிசம்பர், ஜனவரிக் குளிரில் எங்கள் ஆமை மாலையிலும் அதை விட்டு இறங்குவதில்லை. பின்னங்கால்களை இரண்டு பக்கமும் நீட்டி, விரலிடைச் சவ்வை விசிறிபோல் விரித்து, கழுத்தை முழுவதும் நீட்டிக்கொண்டு படுத்திருக்கும். உளி கொத்திய முகம் நகத்துக்குப் பிடி கொடுத்தாலும் வயிற்று ஓட்டைச் சிராய்க்கும் என்பதால், கூர்மையான முனைகளை இன்னொரு கல்லால் தேய்த்து மழுக்கிய பிறகே வைத்தோம்.

எடையை யாரும் குறைவாக நினைக்கக் கூடாது. 30 செ.மீ. நீளமும் அகலமும், 5 செ.மீ. கனமும் உள்ள கருங்கல் பலகை ஏறக்குறைய 12 கிலோ இருக்கும். அதைக் கண்ணாடித் தொட்டியில் கால்களாகக் கற்களை வைத்து நிறுத்துவதானால், கால்கள் தொட்டியின் தரையில் நேராகப் படிந்து நிற்க வேண்டும். மணலின் மேலோ சிறு கற்களின் மேலோ நிறுத்தினால், ஆமை அடியில் தோண்டித் தோண்டிக் கல்லைச் சரித்துவிடும். நீராமையும் நுரையீரலால் மூச்சு விடுவது. நீருக்கடியில் கல்லுக்கு இடையே சிக்கிக்கொண்டால் மூழ்கி இறந்துபோகும். இந்தக் கவலையாலேயே நாங்கள் கண்ணாடியை விட்டுச் சிமெண்டுத் தொட்டிக்கு மாறினோம்.

மரத்துக்குப் பெங்களூரில் பஞ்சமில்லை. ஏப்ரல், மே மாத மழைக்காற்றில் விழும் கிளைகள் தெருவோரம் குவிந்து கிடக்கும். ஆனால் எந்த மரம் என்று தெரியாத கிளையை எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். அரளி வேண்டவே வேண்டாம். யூகலிப்டஸ் போன்ற எண்ணெய் மணமுள்ளவையும், பிசின் வடியும் ஊசியிலை மரங்களும் கூடாது. பூச்சிமருந்து அடித்த தோட்டத்து மரமும் கூடாது. நாங்கள் பயன்படுத்தியவற்றில் கொய்யாவே சிறந்தது: பட்டை தானாகவே உரிந்துவிடும், கட்டை இறுகி வழவழப்பாக இருக்கும். மாங்கிளையின் பட்டை நீரில் ஊறி உரிந்து ஃபில்டர் பஞ்சை அடைத்தது. மூங்கில் பிளந்து, உள்ளே நாற்றம் பிடித்தது. கொய்யாக்கட்டையும்கூட நீரில் முழுக வைத்தால் முதல் சில வாரங்கள் கடுங்காப்பி நிறத்தில் சாயம் விடும், அதன் மேல் வெள்ளை வழுவழுப்பு படியும். இரண்டும் பெரிய தீங்கில்லை என்றாலும், ஏற்கெனவே கழிவு மிகுதியாக விடும் ஆமையின் தொட்டியில் கூடுதல் சுமை எதற்கு? இப்போது ஒரு தடித்த கிளை மட்டும், அடிமுனை கல்லில் கட்டப்பட்டு, நீரிலிருந்து மேடைக்குச் சாய்வாக ஏறுகிறது. நீருக்குள் இருக்கும் முனை மெத்தென்றாகும்போது வேறு கிளை வைத்துவிடுகிறோம்.

உதிர்ந்த நாட்டு வாதுமை இலைகளை மீன் வளர்ப்போர் போற்றுகிறார்கள். ஸ்லைடர் அவற்றை ஒரே நாளில் கிழித்துத் தூளாக்கிவிடும். அத்துடன் அந்தக் கதை முடிந்தது. ஏரியிலிருந்து வெங்காயத்தாமரை கொண்டுவந்து போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். நுரை பொங்கிப் பொங்கி, 2018 ஜனவரியில் தீயும் பிடித்த பெல்லந்தூர் ஏரி இந்த ஊரில்தான் இருக்கிறது; கழிவுநீரின் கன உலோகங்களைத் தன்னுள் இழுத்துச் சேர்த்துக்கொள்ளும் செடி அது. ஆமை அதைத் தின்னவும் செய்யும். வேண்டாம்.

பொறுக்கிய பொருட்களில் எனக்கு மிகவும் பிடித்தது கணவாய் ஓடு. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்பதும் இதுவே. சென்னைக்குப் போகும்போதெல்லாம் கடற்கரையில் ஒதுங்கிக் கிடப்பவற்றை எடுத்துவந்து, உப்புப் போக நாள்கணக்கில் நீர் மாற்றி ஊறவைத்து, காயவைத்து எடுத்துவைப்போம். முதுகுப் பக்கத்துக் கெட்டித் தகட்டைச் சீவி நீக்கிவிட்டு, மென்மையான பக்கத்தை மட்டும் துண்டாக்கி மிதக்க விட வேண்டும். ஆமை அதைத் துரத்திக் கவ்வும்போது துண்டு நழுவி ஓடும், மறுபடி துரத்தும். கொஞ்சம் கொஞ்சமாகக் கொறித்து முடிக்கச் சில நாட்களாகும். சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கிறது, அலகும் அளவுக்கு மீறி வளராமல் தேய்கிறது. ஆனால் புற ஊதாக் கதிர் படாத ஆமைக்கு இந்தச் சத்து உடம்பில் ஒட்டாது, சன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அந்தக் கதிர் இராது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பெட்டை ஆமை வைத்திருப்பவர்கள் மண்பெட்டி ஒன்றையும் வைத்தாக வேண்டும். ஆண் துணை இல்லாமலும் முட்டை உருவாகும். முட்டையிட இடமில்லாவிட்டால் ஆமை அதை உடம்புக்குள்ளேயே தேக்கிவைத்து நோயுறும். எங்கள் பெட்டியில் இருப்பது சலித்த ஆற்று மணலும் இந்த ஊர்ச் செம்மண்ணும் கலந்த கலவை. எம்-சாண்ட் உடைத்த கல் என்பதால் முனை குத்தும், தூசும் மிகுதி, அது உதவாது. பிடித்தால் கொழுக்கட்டையாக நிற்கும் அளவுக்கு ஈரமும், பின்னங்கால் தோண்டுவதற்கு ஓர் அடி ஆழமும் வேண்டும். ஆமை உணவை ஒதுக்கிவிட்டு மேடையில் அமைதியிழந்து சுற்றத் தொடங்கினால் அதைப் பெட்டியில் விட்டு, ஆட்களை அந்தப் பக்கம் போகவிடாமல் பார்த்துக்கொள்கிறோம். இட்டு முடித்தபின் முட்டைகளை எடுத்து அகற்றிவிட்டு, மண்ணை வெயிலில் பரப்பிக் காயவைத்து மீண்டும் நிரப்புகிறோம். ஆமைகள் சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கக்கூடியவை என்பதால் அந்த மண்ணைக் கீரைத் தொட்டிக்குப் போடுவதில்லை. அதைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சமையலறைப் பக்கம் வருவதுமில்லை.