ஐஸ் பிளாண்டுக்கு எல்.டி.யா, எச்.டி.யா?

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் எங்கள் ஐஸ் பிளாண்டுக்கு 100 கிலோவாட் போதும் என்று முடிவானது. அந்த அளவில் எல்.டி. (தாழ்வழுத்த மின்சாரம்), எச்.டி. (உயரழுத்த மின்சாரம்) இரண்டு இணைப்புமே கிடைக்கும். நாங்கள் எல்.டி. எடுத்தோம்.

எச்.டி.க்குச் சொல்லப்படும் முதல் காரணம் யூனிட் விலை. 2022 செப்டம்பரில் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் போட்ட உத்தரவுப்படி எல்.டி. தொழிற்சாலைக்கு யூனிட் 7.50 ரூபாய், எச்.டி.க்கு 6.75. முக்கால் ரூபாய் மிச்சம். எச்.டி.க்கு டிரான்ஸ்பார்மர் நம் செலவு, அதற்கு இடமும் ஆளும் வேண்டும், உப்புக் காற்று வேறு அரிக்கும். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். முடிவைத் தீர்மானித்தது டிமாண்ட் சார்ஜ், அதாவது எத்தனை யூனிட் ஓட்டினாலும் இழுக்கும் மின்திறனின் அளவுக்கு மாதாமாதம் கட்டும் கட்டணம்.

அதே உத்தரவில் எச்.டி. டிமாண்ட் சார்ஜ் ஒரு கே.வி.ஏ.வுக்கு (லைனிலிருந்து இழுக்கும் மொத்தத் திறனின் அளவு) மாதம் 350-லிருந்து 550 ரூபாய் ஆனது. மீட்டரில் பதிவான உச்ச டிமாண்ட், ஒப்பந்த டிமாண்டில் (நாம் வாரியத்திடம் கேட்டு வாங்கிய அளவு) 90 சதவீதம், இந்த இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்ட வேண்டும். ஒப்பந்தத்தைத் தாண்டினால் தாண்டிய அளவுக்கு இரட்டிப்பு. (மோட்டார் கிளம்பும்போது ஒரு நொடி இழுக்கிறதே, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். மீட்டர் எடுப்பது சில நிமிடங்களின் சராசரியை.)

எங்கள் 100 கிலோவாட்டை எச்.டி.யில் சுமார் 110 கே.வி.ஏ. என்று வையுங்கள். அதில் 90 சதவீதம் 99. மாதம் 54,450 ரூபாய். எல்.டி.யில் நிலைக்கட்டணம் அந்த உத்தரவில் கிலோவாட்டுக்கு 150, அதாவது 15,000. வித்தியாசம் 39,450 ரூபாய். யூனிட்டுக்கு முக்கால் ரூபாய் வீதம் இதை மீட்க மாதம் 52,600 யூனிட் ஓட்ட வேண்டும். இரவு பகல் முழு லோடில் 30 நாள் ஓட்டினாலே 72,000 யூனிட்தான் வரும்.

சீசனில் அது முடியாத காரியமில்லை. ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை. நாட்டுப்படகுக்குக் கொஞ்சம் ஐஸ் போகும், அவ்வளவுதான். அந்த இரண்டு மாதமும் அன்றைய கட்டணத்தில் எச்.டி.யில் 1,08,900 ரூபாய் கட்டியாக வேண்டும். எல்.டி.யில் 30,000. இந்த நஷ்டத்தையும் மீதிப் பத்து மாதத்தில் பரப்பினால் மாதம் 63,000 யூனிட்டுக்கு மேல் தேவை, முழு ஓட்டத்தில் 88 சதவீதம். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகு வாரத்தில் மூன்று நாள்தான் போகிறது. புயல் எச்சரிக்கை வந்தாலும், படகுகளை இலங்கைக் கடற்படை பிடித்து இங்கே ஸ்டிரைக் நடந்தாலும் அதுவும் இல்லை. 88 சதவீதம் எங்கிருந்து வரும்?

கட்டணம் பிறகும் ஏறியது. டிமாண்ட் 2024 ஜூலையில் 589 ரூபாய். கணக்கு எல்.டி. பக்கமே இன்னும் சாய்ந்தது.

மின்வாரியத்தின் நியாயமும் புரிகிறது. நாம் ஓட்டாவிட்டாலும் வாரியத்தின் லைனும் சப்ஸ்டேஷன் டிரான்ஸ்பார்மரும் நமக்காகக் காத்திருக்கின்றன, அந்தச் செலவை யாராவது தாங்க வேண்டும். ஆனால் தடைக்காலம் அரசே அறிவிப்பது. அந்த இரண்டு மாதத்துக்காவது பதிவான டிமாண்டுக்கு மட்டும் பில் போடலாம் என்று ஆணையத்தின் கருத்துக்கேட்பில் கேட்பதில் தவறில்லை.

எச்.டி.யில் நான் ஆலை நடத்தியதில்லை. நண்பர் ஒருவரின் பில்லைப் பார்த்துத்தான் சொல்கிறேன். எச்.டி.யில் காலை, மாலை உச்ச நேரத்துக்கு 25 சதவீதம் கூடுதல், இரவுக்கு 5 சதவீதம் தள்ளுபடி. இரவில் மட்டும் உறைய வைத்து ஓட்டினால் எவ்வளவு மிஞ்சும் என்பதை ஓட்டிப் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும். வருடம் முழுக்கக் குளிர்பதனம் நிற்காத இறால் ஏற்றுமதி யூனிட் என்றால் எச்.டி. எடுங்கள். படகு வந்தால்தான் ஓடும் ஆலை என்றால் எல்.டி. போதும். பவர் பாக்டருக்கு (இழுக்கும் மின்திறனில் வேலைக்கு ஆகும் பங்கு) கெபாசிட்டர் மட்டும் சரியாகப் போட்டுவிடுங்கள்.