சூடான வாயுக் குழாய்க்கு 321ஆ, 347ஆ, 304எல்லா?

கந்தகம் கலந்த வாயு ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸில் ஓடும் குழாய் ஒன்றை 3 மி.மீ. தகட்டில் வெல்டிங் செய்து மாற்ற வேண்டியிருந்தபோது, 304எல், 321, 347 ஆகிய மூன்றில் நான் தேர்ந்தெடுத்தது 321. மூன்றும் குரோமியம்-நிக்கல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்களே. வெட்டுவதிலும் வளைப்பதிலும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. விலையில் 304எல் மலிவு.

முடிவு செய்தது கார்பன்தான். சுமார் 425 முதல் 850 டிகிரி வரையிலான சூட்டில், கார்பன் குரோமியத்தோடு சேர்ந்து உலோகத்தின் படிக எல்லைகளில் கார்பைடாகப் படிகிறது. குரோமியத்தை இழந்த அந்த விளிம்பு அரிப்புக்கு இடம் கொடுத்துவிடுகிறது. 304எல்லில் கார்பன் 0.03 சதவீதத்துக்கு மேற்படாததால், வெல்டிங்கின் குறுகிய நேரச் சூட்டை அது எளிதாகத் தாங்கும். ஆனால் மாதக்கணக்கில் அதே சூட்டில் கிடந்தால் அந்தச் சிறிதளவு கார்பனே போதும். கழற்றிய பழைய 304எல் குழாயில் வெல்டிங் கோடு நன்றாகவே இருந்தது. அதிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி, வெல்டிங் விட்டுச்சென்ற இழுவிசை மிகுந்த இடத்தில், மயிரிழை விரிசல்கள் கிளைத்திருந்தன. ஆலை ஓடும்போது அல்ல, நிறுத்திய பிறகு வாயுவின் கந்தகத்தால் படிந்த சல்பைடு படலத்தின் மேல் ஈரமும் காற்றும் சேர்ந்து பாலிதயோனிக் அமிலம் என்ற கந்தக அமில வகை உண்டாகும்போதுதான் இந்த விரிசல் விழுகிறது.

321இல் டைட்டேனியம் முந்திக்கொண்டு கார்பனைப் பிடித்துவிடுவதால் குரோமியம் தன் இடத்திலேயே இருக்கிறது. ஆனால் வெல்டிங் மின்வில்லின் சூட்டில் டைட்டேனியம் ஆக்சிஜனோடு சேர்ந்து கணிசமாகக் கழிந்துபோகும் என்பதால், இணைப்பில் உருக்கி நிரப்பும் ஃபில்லர் கம்பி மட்டும், அதே வேலையைச் செய்தும் அவ்வளவு கழியாத நியோபியம் கலந்த 347ஆக இருக்க வேண்டும். வெல்டிங் கோட்டின் ஓரத்து மெல்லிய பட்டையில் டைட்டேனியம் கார்பைடு கரைந்து, பின்னர் கத்திக்கீறல் போன்ற அரிப்பு வரும் வாய்ப்பும் உண்டு. அதற்காகவே வேலை முடிந்தபின் 900 டிகிரியை ஒட்டிச் சூடாக்கி, டைட்டேனியம் மீண்டும் கார்பனைப் பிடிக்கும்படி நிலைப்படுத்தச் செய்தேன்.

சூட்டில் நீண்ட காலம் சுமை தாங்குவதில் 347 ஒரு படி மேல். தடித்த பாகங்களில் வெல்டிங்குக்குப் பின் மீண்டும் சூடாகும்போது அது விரிசல் விடக்கூடும் என்பதும் அறிந்ததே. எனினும் தடித்த 347இல் என் கைப்பட்ட வேலை குறைவு, ஆகவே அங்கே என் சொல்லை மட்டும் நம்ப வேண்டாம்.

321 வாங்கினால் சோதனைச் சான்றிதழில் கார்பனையும் நைட்ரஜனையும் கூட்டி ஐந்தால் பெருக்கிப் பாருங்கள்: கார்பன் 0.04, நைட்ரஜன் 0.01 என்றால், டைட்டேனியம் 0.25 சதவீதத்துக்குக் குறைந்த தகட்டை ஏற்கக் கூடாது.