மடிப்புத் தலைக்கவசம் என்று விற்கப்படும் தொழிற்கூடத் தொப்பி: சைக்கிளில் வேலைக்குச் செல்வோருக்கு ஓர் எச்சரிக்கை

மடிப்புத் தலைக்கவசம் என்ற பெயரில் நான் இணையச் சந்தை ஒன்றில் வாங்கிய பொருள் சைக்கிள் தலைக்கவசமே அன்று. அதை அணிந்து சாலையில் செல்லும் ஒருவர் விழுந்தால், தலைக்குக் காப்பு இருக்கிறது என்ற நம்பிக்கையோடு விழுவார். ஆனால் அங்கே காப்பு எதுவும் இருக்காது. இணைய விளம்பரப் படங்களைப் பார்த்து இதுபோன்ற ஒன்றை வாங்கியவர்கள், அடுத்த முறை வண்டியை எடுப்பதற்கு முன் கவசத்தின் உள்மெத்தையைத் தூக்கி, அதன் கீழே ஒட்டியிருக்கும் லேபிளைப் படித்துவிடுங்கள். அதில் என்ன இருக்க வேண்டும் என்பதைப் பின்னால் விரிவாக எழுதியிருக்கிறேன்.

சிங்கப்பூரில் இந்தப் பொருளுக்குத் தேவை இருப்பது உண்மை. மடித்தால் 120 செ.மீ. நீளம், 70 செ.மீ. உயரம், 40 செ.மீ. அகலத்துக்குள் அடங்கும் சைக்கிளைப் பெருவிரைவு ரயிலில் கொண்டுசெல்லலாம் என்பதால், வீட்டிலிருந்து நிலையம் வரையும், இறங்கிய நிலையத்திலிருந்து வேலையிடம் வரையும் வண்டி மிதித்துச் செல்பவர்கள் நம்மில் பலர். 2019 ஜனவரி 1 முதல் சாலையில் சைக்கிள் ஓட்டுபவர் தலைக்கவசம் அணிவது கட்டாயமாகிவிட்டது. காலை நேர நெரிசலில் ஒரு கையில் மடித்த வண்டியும் மறு கையில் பிடிகம்பியுமாக நிற்கும்போது, முதுகுப்பையில் தொங்கும் கவசம் பக்கத்தில் நிற்பவரின் முகத்தில் இடிக்கிறது. பைக்குள் அடங்கிவிடும் கவசத்தைத் தேடுவது ஆடம்பரம் அன்று. அந்த நியாயமான தேவையை வைத்துத்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

மடியும் கவசம் எல்லாமே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. ஸ்பெயினின் குளோஸ்கா, பிரான்சின் ஓவராட், பிரிட்டனின் மார்ஃபர் ஆகியவை முறையான சோதனைகளில் தேறிய மடிப்புக் கவசங்களை உருவாக்கியிருக்கின்றன. ஒன்றில் வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகக் கீழிறங்குகின்றன. இன்னொன்றில் பக்கப் பகுதிகள் சுழன்று நடுப்பகுதிக்கு அடியில் நுழைகின்றன. மற்றொன்று நடுவில் இருக்கும் கீலால் இரண்டு பக்கமும் தட்டையாகிறது. வடிவம் எதுவாக இருந்தாலும் வேலை செய்வது உள்ளே இருக்கும் நுரைப்பொருள்தான். தெர்மோகோல் இனத்தைச் சேர்ந்த அந்த நுரை அடிபடும்போது நசுங்கி, தலை நிற்பதற்கு எடுக்கும் தூரத்தையும் நேரத்தையும் கூட்டுகிறது. அதனால் மூளைக்குப் போகும் அதிர்ச்சி குறைகிறது. நசுங்குவதற்கு நுரையில் போதிய கனம் வேண்டும். மடியும் கவசத்தில் கீல்களும் ஒன்றின்மேல் ஒன்று வரும் பகுதிகளும் கூடுதலாகச் சேர்வதால், அது சாதாரணக் கவசத்தைவிட வியக்கத்தக்க அளவுக்கு இலேசாக இருக்க வாய்ப்பில்லை. என்னை ஈர்த்த விளம்பரத்தின் முதல் வரியே அதன் எடையின்மையைத்தான் புகழ்ந்தது.

அந்த விளம்பரப் பக்கத்தில் ஐரோப்பிய வடிவமைப்பைப் போன்ற கவசம் ஒன்றின் தெளிவான படங்கள், ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்ட பொருள் என்பதைக் குறிக்கும் சிஇ முத்திரை, "இஎன் 1078 தரச்சான்று பெற்றது" என்ற வாசகம் ஆகிய மூன்றும் இருந்தன. இஎன் 1078 என்பது சைக்கிள் கவசத்துக்கான ஐரோப்பியத் தரநிலையின் எண். விலை 60 வெள்ளிக்குச் சற்று மேல். சந்தேகம் எழுப்பும் மலிவு விலையும் இல்லை. வந்து சேர்ந்த பெட்டியின் மேலும் இஎன் 1078 என்றே அச்சிடப்பட்டிருந்தது. உள்ளே இருந்த பொருள் படத்தில் கண்டதைப் போலவே மடிந்தது, விரிந்தது. ஆனால் விரித்த நிலையில் இரண்டு பக்கங்களையும் உள்ளங்கையால் இலேசாக அழுத்தியதுமே தாழ் விடுபட்டு, கவசம் பாதி மடிந்துவிட்டது. அதன்பின் உள்மெத்தையைப் பிரித்துப் பார்த்தேன். நுரை ஒரு விரற்கடைக்கும் குறைவான கனத்தில் இருந்தது. அதன்மேல் ஒட்டியிருந்த சின்ன லேபிளில் அச்சாகியிருந்த எண் இஎன் 812.

இந்த எண்ணைப் பற்றித்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். இஎன் 812 என்பதும் உண்மையான ஐரோப்பியத் தரநிலைதான். ஆகவே லேபிளை அவசரமாகப் பார்ப்பவருக்கு அதில் குறை எதுவும் தெரியாது. ஆனால் அது கிடங்குகளிலும் தொழிற்கூடங்களிலும் வேலை செய்பவர் தாழ்வான குழாயிலோ உத்திரத்திலோ தலையை இடித்துக்கொள்ளாமல் இருக்க அணியும் தொப்பிக்கான தரநிலை. மேலிருந்து விழும் பொருளிலிருந்து காப்பதற்குக்கூட அந்தத் தொப்பி தகுதியானது அன்று. 5 கிலோ எடையை 250 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஒரு சாண் அளவுக்குச் சற்று மேலிருந்து, அதன்மேல் போட்டுச் சோதிப்பார்கள். சுமார் 12 ஜூல் ஆற்றல்.

சைக்கிள் கவசத்துக்கான இஎன் 1078 கேட்பது வேறு அளவு. கவசம் மாட்டிய தலை மாதிரியைத் தட்டையான இரும்பின் மேல் வினாடிக்கு 5.42 மீட்டர் வேகத்தில் மோதவிடுகிறார்கள். அது சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். நடைபாதை விளிம்பைப் போன்ற கூரான பட்டகத்தின் மேல் வினாடிக்கு 4.57 மீட்டர் வேகத்தில் மோதும் சோதனையும் உண்டு. இரண்டிலும் தலை மாதிரி உணரும் வேகக் குறைப்பு, புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 250 மடங்கைத் தாண்டக் கூடாது. வெப்பமூட்டியும், குளிரூட்டியும், புற ஊதாக் கதிரிலும் நீரிலும் பழையதாக்கியும் இந்தச் சோதனைகளைச் செய்கிறார்கள். தாடைப் பட்டைக்குத் தனிச் சோதனை உண்டு. வளர்ந்தவரின் தலை எடையை வைத்துக் கணக்கிட்டால், சைக்கிள் கவசம் தாங்க வேண்டிய ஆற்றல் அந்தத் தொழிற்கூடத் தொப்பியின் அளவைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல் வருகிறது. மடியும் கவசம் என்பதற்காக இந்தத் தேர்வில் எந்தச் சலுகையும் இல்லை.

சான்றிதழைக் காட்டுங்கள் என்று விற்பனையாளருக்கு எழுதினேன். மறுநாளே ஒரு கோப்பு வந்தது. சோதனைக்கூடத்தின் பெயர், முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தன. ஆனால் சான்றில் இருந்த மாதிரி எண் வேறு, தயாரிப்பாளர் வேறு, படத்தில் இருந்ததோ மடியாத சாதாரணக் கவசம். இதைச் சுட்டிக்காட்டியபோது, "எல்லா மாதிரிகளும் ஒரே தரத்தில்தான் தயாராகின்றன" என்று பதில் வந்தது. லேபிளில் இருக்கும் எண்ணின் படத்தை அனுப்பியபோது, அதுவும் ஐரோப்பியத் தரம்தான் என்றார்கள். பிறகு ஐந்து வெள்ளிக்கான கழிவுச் சீட்டு தருவதாகவும், விவகாரத்தை முடித்துக்கொள்ளும்படியும் கேட்டார்கள். தலையைக் காக்கும் பொருளில் பொய் சொல்லிவிட்டு அதற்குக் கழிவு பேசும் துணிவு என்னை மிகவும் வருத்தியது.

இணையச் சந்தையின் நடத்தையும் ஆறுதல் தருவதாக இல்லை. பொருள் உடைந்திருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா, அளவு பொருந்தவில்லையா என்ற மூன்று காரணங்களில் ஒன்றைத்தான் புகார்ப் படிவத்தில் தேர்ந்தெடுக்க முடியும். பாதுகாப்புச் சான்று பொய்யானது என்பதற்கு அங்கே இடமே இல்லை. வேறு வழியின்றி உடைந்த பொருள் என்று பதிந்தால், உடைந்ததற்குப் படம் இல்லை என்று கோரிக்கை தானாகவே முடித்துவைக்கப்பட்டது. மேல்முறையீடு செய்தபோது பொருளை வெளிநாட்டுக்கு என் செலவில் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். அஞ்சல் கட்டணம் பொருளின் விலையை நெருங்கியது.

பணம் திரும்பியது வங்கி வழியாகத்தான். கடன் அட்டையில் செலுத்தியிருந்ததால், பொருள் விளம்பரத்தில் சொன்னபடி இல்லை என்ற அடிப்படையில் வங்கியிடம் மறுப்புப் பதிந்தேன். விளம்பரப் பக்கம், பெட்டி, உள் லேபிள் ஆகியவற்றின் படங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து அனுப்பியதும் அவர்கள் அதை ஏற்றார்கள். ஆகவே இத்தகைய பொருளை வாங்கும் நாளிலேயே விளம்பரப் பக்கத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வாசகத்தை மாற்றிவிடுவார்கள், என் விஷயத்தில் மாற்றினார்கள். உள்ளூர்க் கடையில் வாங்கியவருக்கு வழிகள் கூடுதலாக உண்டு: ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை, விற்கும்போதே இருந்த குறையாகக் கருதப்படும் என்கிறது 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த சட்டம், சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தின் உதவியை நாடலாம், 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைச் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோகலாம். முகவரியே தெரியாத வெளிநாட்டு விற்பனையாளரிடம் இவை எதுவும் நடைமுறையில் எடுபடுவதில்லை.

இனி, லேபிள். இஎன் 1078 தரத்தில் தேறிய கவசத்தின் உள்ளே தரநிலையின் எண், தயாரிப்பாளரின் பெயர், மாதிரியின் பெயர், சைக்கிள் ஓட்டுவோருக்கான கவசம் என்ற குறிப்பு, சென்டிமீட்டரில் தலைச் சுற்றளவு, கிராமில் எடை, தயாரித்த ஆண்டும் காலாண்டும் ஆகிய அனைத்தும் இருக்க வேண்டும். அமெரிக்கத் தரத்தில் விற்கப்படும் கவசமானால், அந்நாட்டுப் பயனீட்டாளர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் தரநிலைக்கு உட்பட்டது என்ற வாசகமும், எந்த வயதினருக்கானது என்பதும் இருக்கும். இணையச் சந்தைகளில் விற்கப்படும் தரமற்ற கவசங்களைப் பற்றி அந்த ஆணையம் திரும்பத் திரும்ப எச்சரிக்கை வெளியிட்டு வருகிறது. சிஇ முத்திரையை மட்டும் பார்த்து மனநிறைவு அடையாதீர்கள். தொழிற்கூடத் தொப்பியிலும் அதே முத்திரைதான் இருக்கும். ஐரோப்பிய விதிகளின்படி சைக்கிள் கவசத்தை அங்கீகாரம் பெற்ற வெளி அமைப்பு ஒன்று சோதித்துச் சான்று வழங்கியிருக்க வேண்டும். அந்த அமைப்பின் பெயரும் சான்றின் எண்ணும் தயாரிப்பாளரின் உறுதிமொழி ஆவணத்தில் இருக்கும். அந்த ஆவணத்தைக் கேளுங்கள், அதில் உள்ள மாதிரிப் பெயர் உங்கள் கையிலிருக்கும் கவசத்தின் பெயர்தானா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். முடிந்தால் கடைக்கே சென்று, விரித்த கவசத்தை எல்லாப் பக்கமும் அழுத்திப் பார்த்து வாங்குங்கள். பிள்ளைகளுக்கு வாங்குபவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும், ஏனெனில் பிள்ளைகள் லேபிளைப் படிக்கப் போவதில்லை.

என்னிடமிருந்த கவசத்தின் பட்டைகளை வெட்டி, கீலை உடைத்து, வேறு யாரும் எடுத்து அணிய முடியாதபடி செய்துதான் குப்பையில் போட்டேன். நான் வாங்கிய பக்கம் நீக்கப்பட்டுவிட்டது; ஆனால் அதே படங்களும் அதே வாசகங்களும் கொண்ட பக்கம் இப்போது வேறொரு கடைப் பெயரில் வந்திருக்கிறது. சாம்பல் நிறக் கவசம், கருப்புப் பட்டை, அளவு என்ற இடத்தில் சென்டிமீட்டர் எதுவும் இல்லாமல் "அனைவருக்கும் பொருந்தும்" என்ற ஒற்றை வரி: இவை மூன்றும் சேர்ந்திருக்கும் பக்கத்தைக் கண்டால் வாங்காதீர்கள், தெரிந்தவர்களுக்கும் சொல்லுங்கள்.