குட்டி மரங்கொத்தி பார்க்க 8×42 பைனாகுலர்: வேலூர்க் காடுகளுக்கு எப்படி?

வேலூர்ப் பக்கம் மரங்கொத்தி என்றால், தென்னந்தோப்பில் கத்திக்கொண்டே பறக்கும் பொன்முதுகு மரங்கொத்திதான் எல்லோருக்கும் தெரியும். அதைப் பார்க்கக் கண்ணே போதும். பழுப்புத்தலைக் குட்டி மரங்கொத்தி (யுங்கிபிகஸ் நானஸ்) வேறு ரகம். அலகு முதல் வால் வரை 13 செ.மீ.தான், சிட்டுக்குருவியைவிடச் சின்னது. பெரும்பாலும் மரத்தின் மேல்பகுதியில், பென்சில் கனமுள்ள சுள்ளிகளில்தான் இரை தேடும். ஒரு பைனாகுலர் தேறுமா என்று பார்க்க இதைவிடக் கடினமான பரீட்சை தேவையில்லை. பத்தாயிரம் முதல் பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் 8×42 ரகம் (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ. அகலம்) அதில் தேறுகிறது. ஒரு பெரிய குறை உண்டு, அது கீழே.

கடையில் பலரும் 10×42 கேட்கிறார்கள். பத்து மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது சரிதான், ஆனால் இந்தப் பறவை ஒரு சுள்ளியில் சில நொடிகளுக்கு மேல் நிற்காது. 1000 மீட்டரில் 130 மீட்டர் அகலம் காட்டும் 8×42, 15 மீட்டர் தூரத்து மரத்தில் ஏறக்குறைய 2 மீட்டர் அகலம் காட்டும். வழக்கமான 10×42 அதே இடத்தில் 1.6 மீட்டர்தான். பறவை அடுத்த கிளைக்குத் தாவியதும் அந்த 40 செ.மீ. வித்தியாசம் தெரியும். பத்து மடங்கில் கை நடுக்கமும் பத்து மடங்கு.

சட்டைப்பைக்குள் அடங்கும் 10×25 இந்த வேலைக்கு வேண்டவே வேண்டாம். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25, கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றை அத்தனை மி.மீ. அகலம். 10×25-இல் அது 2.5 மட்டுமே. அமிர்தி காட்டில் விடியற்காலை நிழலில் பழுப்புத் தலையும் பழுப்புக் கிளையும் ஒன்றாகிவிடும். ஜவ்வாது மலையின் காவலூரில் 1986 முதல் வானைப் பார்க்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கும் இதே கணக்குதான்: ஒளியை வாங்கும் கண்ணாடி பெரிதானால் வெளிச்சம் அதிகம்.

சரியாக அமைத்த 8×42-இல் 15 மீட்டரில் தெரிய வேண்டியவை: பழுப்பு உச்சந்தலை, வெள்ளைப் புருவம், கண்ணுக்குப் பின்னால் ஓடும் பழுப்புப் பட்டை, கருமுதுகில் வெள்ளைப் பட்டைகள், வெளிறிய விழி. ஆணுக்குப் பின்தலையின் இருபக்கமும் சின்னச் சிவப்புக் கீற்று. அது தெரிந்துவிட்டால் கண்ணாடி நன்றாகவே இருக்கிறது. வயிற்றில் சிவப்புத் திட்டும் நெற்றியில் மஞ்சளும் இருந்தால் அது மஞ்சள்நெற்றி மரங்கொத்தி, அளவிலும் பெரியது.

“படம் மங்கல்” என்ற புகாரில் பாதி, இரு கண்ணின் பார்வை வித்தியாசத்தைச் சரிசெய்யும் கண் திருத்தத் திருகைத் தொடாததால் வருவது. வலது முன்கண்ணாடியைக் கையால் மூடி, நடுச்சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணுக்கு ஒரு பெயர்ப்பலகையின் எழுத்தைத் தெளிவாக்குங்கள். பிறகு இடப்பக்கத்தை மூடி, சக்கரத்தைத் தொடாமல் வலது கண்வளையத் திருகால் அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். திருகு நின்ற இடத்தை நினைவில் வையுங்கள். பையில் உரசி அது நகர்ந்துவிடும். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் கண்வளையத்தை உள்ளே இறக்கிவிட வேண்டும். இறக்காவிட்டால் வட்டத்தின் ஓரம் தெரியாமல் போகும்.

இப்போது அந்தக் குறை. வெளிச்சமான வானத்துக்கு எதிரே பார்க்கும்போது கிளையின் ஓரத்திலும் பறவையின் ஓரத்திலும் ஊதா நிறம் ஒட்டிக்கொள்கிறது. உச்சிக் கிளைப் பறவைக்கு இது சங்கடமான விஷயம், அதைத் தேடுபவர் அண்ணாந்தே பார்க்க வேண்டியிருப்பதால். நிறச்சிதறல் குறைந்த கண்ணாடி போட்ட ரகம் இதைக் குறைக்கும், விலையோ கணிசமாக ஏறும். செலவில்லாத வழி, வெயிலை முதுகுக்கு விட்டு மரத்தைச் சுற்றி வருவது. அதைவிட நல்லது, ஜவ்வாது மலைப்பாதையின் வளைவில் நின்று, பள்ளத்து மரங்களின் உச்சியைக் கண்மட்டத்தில் பார்ப்பது. கழுத்தும் வலிக்காது.

முதலில் காதால் தேடுங்கள். “கிளிக்-ர்ர்ர்” என்று மெலிந்த குரல். மரத்தைத் தட்டும் ஓசையும் மெல்லியதே. மாம்பழச்சிட்டும் மின்சிட்டும் பட்டாணிக்குருவியும் கூட்டமாக நகர்ந்தால் நடுவில் இதுவும் இருக்கலாம். இடம் பிடிபட்டதும் பார்வையை எடுக்காமல் கருவியைக் கண்ணுக்கு உயர்த்த வேண்டும். கருவிக்குள் போய்த் தேடினால் கிடைக்காது. மாசி, பங்குனியில் இலை உதிர்ந்திருப்பதால் பார்ப்பது சுலபம். பட்ட கிளையில், பெரும்பாலும் அடிப்பக்கம் பார்த்தபடி, பொந்து குடையும் காலமும் அதையொட்டியே வரும். 20 மீட்டர் தள்ளி நின்றே எல்லாம் தெரியும். நெருங்கிப் போகத் தேவையில்லை, போகவும் கூடாது.

கோடையில் வேலூர் வெயிலில் நிற்கும் காருக்குள் கருவியை விட்டுவிடாதீர்கள். கண்வளைய ரப்பர் பிசுபிசுத்துப் போகும். மழைக்காலத்தில் மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், பூஞ்சை உள்ளே படர்ந்தால் துடைக்க முடியாது. தூசியை ஊதிவிட்ட பிறகே துணி வைக்க வேண்டும்; வேட்டி நுனி, முந்தானை எதுவும் ஆகாது. கூடவே வரும் மெல்லிய வார் முக்கால் கிலோ எடைக்குக் கழுத்தை அறுக்கும். தோள் வழியே முதுகில் குறுக்காகப் போகும் பட்டையைத் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள்.