டிரிபிள் செவனா, பிளாக்ஹார்னா? கழுவுகிறவன் கணக்கு

அமெரிக்காவின் ஒஹாயோவில் மான் வேட்டைக்கான மஸில்லோடர் (குழல் வாய் வழியாக மருந்து நிரப்பும் துப்பாக்கி) பருவம் ஜனவரித் தொடக்கத்தில் வரும், நான்கே நாள்தான். அதற்காக ஒரு .50 காலிபர் இன்லைன் துப்பாக்கி வைத்திருக்கிறேன். இதற்கான வெடிமருந்தாக முதல் இரண்டு பருவம் டிரிபிள் செவன் வில்லைகளைப் போட்டேன், அப்புறம் மூன்று பருவமாக பிளாக்ஹார்ன் 209 என்ற தூள். இரண்டுமே பழைய கருமருந்துக்கு மாற்றாக வந்தவை. எந்த மருந்து வாங்கலாம் என்று யார் கேட்டாலும் இப்போது பிளாக்ஹார்ன் என்றுதான் சொல்கிறேன்.

நாட்டுத் துப்பாக்கியைப் பார்த்தவர்களுக்கு அடிப்படை தெரியும். குழல் வாய் வழியாக மருந்தைப் போட்டு, அதன்மேல் குண்டைக் குச்சியால் தள்ளிக் கெட்டிக்க வேண்டும். மிசூரிக்காரர் டோனி நைட் 1985இல் கொண்டுவந்த எம்கே-85க்குப் பிறகு பரவிய இன்லைன் வகையில் பின்பக்கம்தான் மாறியது. குழலின் பின்வாயை அடைக்கும் மரை போட்ட பிரீச் பிளக், அதற்கு நேர் பின்னால் தீப்பொறி தர ஒரு பிரைமர். இன்று பெரும்பாலும் ஷாட்கன் தோட்டாவில் வரும் அதே 209 பிரைமர். பிளக்கைக் கழற்றினால் குழலின் இந்தப் பக்கம் பார்த்தால் அந்தப் பக்கம் தெரியும், கழுவுவதும் சுலபம்.

துல்லியத்தில் 100 கெஜம் வரை எனக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. விலையில் டிரிபிள் செவனுக்குத்தான் வெற்றி. பிளாக்ஹார்ன் 10 அவுன்ஸ் புட்டியில் வருகிறது. மருந்தைக் கிரெயின் என்ற சிற்றளவில்தான் கணக்கிடுவார்கள். குவளையில் கன அளவாக 100 கிரெயின் அளந்தால் இந்தத் தூளின் எடை சுமார் 70 கிரெயின்தான், ஆக ஒரு புட்டியில் ஏறக்குறைய 62 வேட்டு. வில்லைகள் பெட்டிக்கு 100, வேட்டுக்கு இரண்டு என்றால் 50 வேட்டு. வருடத்துக்கு இருபது முப்பது வேட்டு சுடுகிறவருக்கு இந்த விலை வித்தியாசம் பெரிய பாரமில்லை. விரல் விறைத்துப்போகும் குளிரில் வில்லைகள் வசதி என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பிளாக்ஹார்னை வீட்டிலேயே அளந்து சின்னக் குப்பிகளில் நிரப்பி எடுத்துப் போக வேண்டியிருக்கிறது.

என்னை மாற்றியது குழலில் தங்கும் அழுக்கு. டிரிபிள் செவனில் கந்தகம் கிடையாது, வெந்நீரும் சோப்பும் போதும், கறை கரைந்து ஓடிவிடும். ஆனால் 209 பிரைமரின் சூட்டில், குண்டு உட்காரும் இடத்துக்குச் சற்று முன்னால் கண்ணாடி போலக் கெட்டியான ஒரு வளையம் படிகிறது. இரண்டாவது குண்டைத் தள்ளும்போது வழுக்கிக்கொண்டே போய் அந்த வளையத்தில் முட்டி நிற்கும், குண்டு மருந்தில் உட்கார்ந்துவிட்டது என்று கை நம்பிவிடும். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டுச் சுட்டால் குழல் உப்பலாம், பிளக்கவும் செய்யலாம். அதனால் ஒவ்வொரு வேட்டுக்கும் இடையில் ஈரத் துணித்துண்டு ஒன்று, உலர்ந்தது ஒன்று என்று விட்டு எடுத்தே ஆக வேண்டும். பயிற்சித் திடலில் அது சரி, பனியில் அடிபட்ட மான் எழுந்து நடக்கிற நேரத்தில் யாருக்குப் பொறுமை இருக்கும்? பிளாக்ஹார்னில் திடலில் துடைக்காமலே பத்து வேட்டு சுட்டிருக்கிறேன், பத்தாவது குண்டும் முதல் குண்டு போன அதே அழுத்தத்தில்தான் இறங்கியது.

எந்த மருந்தானாலும் குச்சியில் இரண்டு கோடு போட்டு வையுங்கள். ஒன்று காலிக் குழலுக்கு, இன்னொன்று சரியாகக் கெட்டித்த குழலுக்கு. இடைவெளி விழுந்திருந்தாலும், மறந்துபோய் இரண்டு முறை மருந்து போட்டிருந்தாலும் அந்தக் கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது துரு. என் முதல் துப்பாக்கியைப் பழையதாக ஒருவரிடம் வாங்கினேன். வெளியே பளபளப்பு, உள்ளே விளக்கடித்துப் பார்த்தால் பிளக் பக்கம் நாலைந்து விரற்கடைக்கு அரித்த குழிகள். சுட்டுவிட்டு அப்படியே அலமாரியில் வைத்திருக்கிறார்கள். அதை எத்தனை முறை துடைத்தும் துணி கறுப்பாகவே வந்தது, கடைசியில் விற்கவும் மனம் வரவில்லை. கருமருந்தும் அதற்கு மாற்றாக வந்த மருந்துகள் பெரும்பாலானவையும் விட்டுச்செல்லும் கறை ஈரத்தை இழுக்கும், அன்று இரவே கழுவி, உலர்த்தி, எண்ணெய் போட வேண்டும். பிளாக்ஹார்ன் கறை அவ்வளவாக ஈரம் இழுக்காது. ஆனாலும் நான் மறுநாளைத் தாண்ட விடுவதில்லை. மூன்று பருவ அனுபவத்தை வைத்து இதற்குமேல் உறுதி சொல்ல மாட்டேன்.

பிளாக்ஹார்னுக்கும் ஒரு வேலை உண்டு. அதன் கறை தண்ணீரில் கரையாது, சாதாரணத் துப்பாக்கிக் கரைப்பான் வேண்டும். பிளக்கின் தீத்துளைக்குப் போகும் வழியில் கரி கெட்டியாகப் படியும். 1/8 அங்குல டிரில் பிட்டைக் கையாலேயே திருகிச் சுரண்டி எடுக்கிறேன். இதை விட்டால் தட்டியதும் வெடிக்காமல் தாமதமாக வெடிக்கும் ஆபத்து உண்டு. சூடான 209 பிரைமரும் இறுக்கமாகப் பொருந்தும் பிளக்கும் வேண்டும். பழைய வகைத் துப்பாக்கிகளின் 11ஆம் எண் கேப் (சூடு குறைந்த சின்னத் தீமூட்டி) வைத்து இதை நம்பக் கூடாது. பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்குப் பின் வரும் பருவத்தில் ஃபிளின்ட்லாக் (பிரைமர் இல்லாமல், சிக்கிமுக்கிக் கல் பொறியில் சுடும் துப்பாக்கி) மட்டும்தான், அங்கே அசல் கருமருந்தைத் தவிர வேறு பேச்சில்லை. அதில் என் பழக்கம் ஒரு நண்பரோடு ஒரு பிற்பகல் சுட்டதோடு சரி. கொலராடோவின் மஸில்லோடர் பருவத்தில் வில்லைகளுக்கே தடை.

இன்றைய தோட்டாக்களில் வரும் புகையில்லா மருந்தை மட்டும் எந்தக் காரணத்துக்கும் போட்டுவிடாதீர்கள், அதற்கென்றே செய்யப்படாத துப்பாக்கி சிதறிவிடும். பிளாக்ஹார்னைக் கன அளவாக அளக்கும் குவளையில்தான் அளக்க வேண்டும், உச்சவரம்பு 120 கிரெயின். தட்டியும் வெடிக்கவில்லை என்றால் குழலை இலக்கின் பக்கமே பிடித்தபடி குறைந்தது ஒரு நிமிடம் காத்திருந்து, பிறகு பிரைமரை மாற்றுங்கள். சாயங்காலம் கெட்டித்த துப்பாக்கியோடு சுடாமலே பனியிலிருந்து திரும்பினால் நான் பிரைமரை எடுத்துவிட்டு, துப்பாக்கியைக் குளிர்ந்த கராஜிலேயே பூட்டி வைத்துவிடுவேன். வீட்டுச் சூட்டுக்குள் கொண்டுவந்தால் குழலுக்குள் வியர்த்து, உள்ளே இருக்கும் மருந்து ஈரமாகிவிடும்.