ஸ்கிரிப்டில் வீடியோ மாற்ற எஃப்எஃப்எம்பெக்கா, ஹேண்ட்பிரேக்கா?

ஃபோல்டர் நிறைய பழைய கேமரா வீடியோ கிடக்கிறது, எல்லாவற்றையும் எம்பி4 ஆக்க வேண்டும், ராத்திரி ஓடவிட்டுவிட்டுத் தூங்கப் போகவும் வேண்டும் என்றால் கமாண்ட் லைனில் (கட்டளையைத் தட்டச்சு செய்து ஓட்டும் இடம்) பெரும்பாலும் கைகொடுக்கும் வீடியோ மாற்றிகள் எஃப்எஃப்எம்பெக்கும், ஹேண்ட்பிரேக்கின் கமாண்ட் லைன் வடிவமான ஹேண்ட்பிரேக் சிஎல்ஐயும்தான். இரண்டும் இலவசம். பாஷ் ஸ்கிரிப்டுக்கு (கமாண்டுகளை வரிசையாக எழுதிவைத்துத் தானாக ஓடவிடும் ஃபைல்) என்றால் என் ஓட்டு எஃப்எஃப்எம்பெக்குக்கு. ஆனால் எதிரே ஆள் உட்கார்ந்திருப்பதாகவே நினைத்துக்கொண்டு ஓடுகிற சாமான் அது, யாரும் இல்லை என்று நாம்தான் சொல்லிவைக்க வேண்டும்.

முதல் வம்பு லூப்பில் வரும். ஃபைல்களைத் தேடும் ஃபைண்ட் கமாண்ட் கொடுக்கும் பட்டியலை, வரிவரியாகப் படிக்கும் வைல் ரீட் லூப்பில் விட்டால் முதல் ஃபைல் ஒழுங்காக முடியும், அடுத்ததில் பெயரின் முதல் சில எழுத்துகள் காணாமல் போய் 'அப்படி ஒரு ஃபைலே இல்லை' என்று எரர் வரும். நடுவில் க்யூ அழுத்தினால் நிறுத்த வேண்டுமே என்று எஃப்எஃப்எம்பெக் இன்புட்டைப் படித்துக்கொண்டே இருக்கிறது. லூப்புக்குள் அந்த இன்புட் நம்முடைய ஃபைல் பட்டியல், அதைத்தான் மென்றுவிடுகிறது. நோஎஸ்டிடிஇன் ஆப்ஷன் போட்டால் தீர்ந்தது. ஹேண்ட்பிரேக்கும் இதே சேட்டையைச் செய்யும், அங்கே இன்புட்டை ஒன்றுமே இல்லாத டெவ் நல்லுக்குத் (/dev/null) திருப்பிவிட வேண்டும்.

அப்புறம், அதே பெயரில் ஃபைல் இருந்தால் மேலெழுதட்டுமா என்று எஃப்எஃப்எம்பெக் கேட்கும். ஒய் (-y) ஆப்ஷன் கேட்காமல் மேலெழுதும், என் (-n) ஆப்ஷன் தொடாமல் விட்டுவிடும். -n போட்டால் பத்திரம் என்று தோன்றும், ஆனால் நடுவில் கரண்ட் போய் அரைகுறையாக நின்ற ஃபைலையும் அது முடிந்த கணக்கில்தான் சேர்க்கும். அதனால் தற்காலிகப் பெயரில் எழுதி, எக்ஸிட் கோடு 0 (பிழையில்லாமல் முடிந்தது என்ற அடையாளம்) வந்தால் மட்டும் எம்வி (mv) கமாண்ட் போட்டுப் பெயர் மாற்றுவதே சரி. அந்தத் தற்காலிகப் பெயர் .பார்ட் என்று முடிந்தால் என்ன ஃபார்மட் என்று தெரியாமல் எஃப்எஃப்எம்பெக் கைவிரித்துவிடும், எஃப் (-f) ஆப்ஷனில் எம்பி4 என்று சொல்லிவிடுங்கள்.

எஃப்எஃப்எம்பெக்குக்கு என் ஓட்டு விழுந்தது, உள்ளே இருப்பதை அப்படியே எடுத்துவைக்கும் காப்பி வசதிக்காகத்தான். எம்கேவி ஃபைலுக்குள் ஏற்கெனவே எச்.264 வீடியோவும் ஏஏசி ஆடியோவும் இருந்தால் மறுபடி என்கோடு செய்யவே தேவையில்லை, உறையை (எம்கேவி, எம்பி4 என்ற வெளி ஃபார்மட்) மட்டும் மாற்றினால் போதும், பெரும்பாலும் சில விநாடி வேலை, தரமும் குறையாது. ஹேண்ட்பிரேக் ஆடியோவை அப்படியே விட்டாலும் வீடியோவை எப்போதும் மறுபடி என்கோடு செய்யும். எஃப்எஃப்எம்பெக்கோடு வரும் எஃப்எஃப்புரோப் வைத்து உள்ளே என்ன கோடெக் (எச்.264, ஏஏசி போன்ற சுருக்கும் முறை) என்று பார்த்து, காப்பியா என்கோடா என்று ஸ்கிரிப்டே முடிவெடுக்கட்டும்.

ஒன்றும் சொல்லாவிட்டால் எஃப்எஃப்எம்பெக் ஒரே ஒரு ஆடியோவைத்தான் எடுக்கும். தமிழும் தெலுங்கும் இருக்கிற படத்தில் எதிலே சேனல் அதிகமோ அது மட்டும் மிஞ்சும். எதையெல்லாம் எடுப்பது என்று சொல்லும் மேப் ஆப்ஷனில் 0 போட்டால் எல்லாம் வரும், ப்ளூரேயின் படவடிவ சப்டைட்டிலையும் சேர்த்து எம்பி4க்குள் இழுக்கப் பார்த்து எரர் அடிக்கும். வீடியோவையும் ஆடியோவையும் தனித்தனியாக மேப் செய்வது மேல்.

ஹேண்ட்பிரேக்கில் பிடித்தது பிரீசெட், அதாவது முன்பே தயாராக இருக்கும் செட்டிங் தொகுப்பு. 'ஃபாஸ்ட் 1080பி30' என்று பெயர் சொன்னால் போதும், கறுப்பு ஓரத்தைக்கூடத் தானே வெட்டிக்கொள்ளும். எஃப்எஃப்எம்பெக்கில் தரத்தை முடிவுசெய்யும் சிஆர்எஃப் எண்ணெல்லாம் நாமே பார்க்க வேண்டும்: எச்.264 என்கோடரான எக்ஸ்264க்கு இயல்பாக 23, எச்.265 என்கோடரான எக்ஸ்265க்கு 28, ஒன்றின் எண்ணை இன்னொன்றுக்குப் போட்டால் கணக்கு ஒத்துவராது. எச்.265 ஃபைல் ஐஃபோனிலும் ஓட வேண்டும் என்றால் வீடியோ டேகை எச்விசி1 என்று வையுங்கள். வேகம் வேண்டும் என்று ஒரே நேரத்தில் நான்கு என்கோடு ஓட்டாதீர்கள், எக்ஸ்264 ஏற்கெனவே ப்ராசசரின் எல்லா கோரையும் பிழிந்துகொண்டுதான் இருக்கும்.